மேசைமேல் விட்ட பேனா

பனி பெய்தால் ஊர் என்னைத் திட்டும். பெய்யும் என்று நான் சொல்லி, பெய்யாமல் போனாலும் திட்டும். வடக்கே, கடல் போன்ற பெரிய ஏரியின் கரையில் இருக்கும் டுலூத் நகரத்துப் பதின்மூன்றாம் சேனலில் என் தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து வானிலை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடையில் பால் வாங்க வரிசையில் நின்றால்கூட, "ஏன் லைல், சனிக்கிழமை என் பொண்ணு கல்யாணத்தை நாசம் பண்ணிட்டியே" என்று யாராவது தோளில் ஒன்று வைப்பார்கள். ஏதோ மழையை நான்தான் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்து கொட்டியது போல.

மார்லிஸ் தோர்சனை யாரும் அப்படித் திட்டிப் பார்த்ததில்லை. அவள் கொலையை வாசிப்பாள், தீ விபத்தை வாசிப்பாள், சுரங்கம் மூடி ஆயிரம் பேருக்கு வேலை போனதை வாசிப்பாள். வாசித்து முடித்தால் அவளுக்குக் கேக் சுட்டு அனுப்புவார்கள். முப்பத்துநான்கு வருஷம், சாயங்காலம் ஆறு மணிச் செய்தி, இரவு பத்து மணிச் செய்தி. செத்துப்போனவர் பெயரை வாசிக்குமுன் அந்த வீட்டுக்கே போன் போட்டு, "உங்க அப்பா பேரை நீங்க எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டுக்கொள்வாள். ஃபின்லாந்துப் பெயரோ, போலந்துப் பெயரோ, இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வேக்களின் பெயரோ, அவள் வாயில் அது கசங்கியதே இல்லை. அதற்காகவே ஊர் அவளை நம்பியது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பேனா விஷயம் எனக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆறு மணிச் செய்தி முடிந்ததும் இசை வரும், விளக்கு மெல்ல மங்கும், நாங்கள் மேசையில் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரிப்பது மட்டும் தெரியும், சத்தம் கேட்காது. நீங்களும் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அப்போது என்ன பேசுவோம் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு ஆவல். ஒன்றுமில்லை, பெரும்பாலும் அவள் என் டையைக் கிண்டல் செய்துகொண்டிருப்பாள். "திரைச்சீலைய வெட்டித் தைச்சியா?" என்பாள். நான் பல்லைக் காட்டுவேன். அந்த நேரத்தில் அவள் கையிலிருக்கும் பேனாவுக்கு மூடி போட்டுச் சட்டைப்பையில் செருகினால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறாள் என்று அர்த்தம். மூடாமல் மேசையிலேயே விட்டால், வேலை இருக்கிறது, பத்து மணிச் செய்தி முடிந்துதான் வருவாள், நீ சாப்பிட்டுப் படு என்று அர்த்தம்.

அர்த்தம் ஒரே ஒரு ஆளுக்கு. அவள் புருஷன் ஆர்வோவுக்கு.

ஆர்வோ நீமி துறைமுகத்தில் இரும்புத்தாதைக் கப்பலில் ஏற்றுகிற வேலை பார்த்தவர். கைபேசி எல்லாம் வராத காலம். பகல் வேலை முடித்து வந்து டிவி முன்னால் உட்காருவார். பேனாவுக்கு மூடி விழுந்ததும் எழுந்து உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பார். அவள் மலையேறி வீட்டுக்குப் போய்ச் சேரவும் கிழங்கு வேகவும் சரியாக இருக்கும். கைபேசி வந்த பிறகும் அவர்கள் அதை விடவில்லை. நகரமே பார்க்கிற டிவியில் ஒரு பெண் தினமும் தன் புருஷனிடம் 'கிழங்கை வை' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை. அப்புறம் என்ன நான் மேகத்தைப் பார்த்துக் குறி சொல்கிறவன்!

பிறகு ஆர்வோவுக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் வழி, அப்புறம் ஆட்கள். ஒரு வசந்த காலத்தில் அவரை மலைமேலிருக்கும் இல்லத்தில் சேர்த்தாள். ஞாபகம் போனவர்களைப் பார்த்துக்கொள்கிற இடம். சன்னலைத் திறந்தால் கீழே முழு ஏரியும் தெரியும். ஆறு மணிச் செய்தி முடிந்ததும் தினமும் பேனாவுக்கு மூடி போட்டுவிட்டு மார்லிஸ் நேரே அங்கே போவாள், எட்டு மணிக்குக் கிளம்பி பத்து மணிச் செய்திக்குத் திரும்பி வருவாள். ஒரு நாள் நானும் கூடப் போனேன்.

அறையில் ஆர்வோ உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அங்கே வேலை செய்யும் ரோஷெல் என்ற பெண் அவருக்கு முனை மழுங்கிய சீவுகத்தி ஒன்று கொடுத்திருந்தாள். சீவியதைச் சமையலறையில் வேகவைத்துக் கொண்டுவந்தும் கொடுப்பாளாம். மார்லிஸ் ஸ்டூடியோவில் போட்டிருந்த அதே நீலக் கோட்டோடு, முகப்பூச்சுகூடக் கலைக்காமல் அவர் எதிரே போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

"வாங்கம்மா. யாரைப் பார்க்கணும்?"

"உங்களைத்தான். என் பேரு மார்லிஸ்."

"அட! என் பொண்டாட்டி பேரும் அதேதான். டிவில வருவா. நீங்க பார்த்திருப்பீங்களே. இதே மாதிரிதான் கோட்டு போட்டிருப்பா."

"பார்த்திருக்கேன். நல்லா வாசிக்கிறாங்களா?"

"அவளா? அவ சொன்னா அது நடந்ததுதான்." கிழங்கின் ஒரு கண்ணை நோண்டி எடுத்தார். "கூட ஒரு மழைக்காரன் வருவான், அவன்தான் உதவாக்கரை. உட்காருங்கம்மா. இப்பத்தான் மூடி போட்டா. வந்துட்டே இருப்பா."

உதவாக்கரை மழைக்காரன் கதவோரமாக நின்றுகொண்டிருந்தேன். மார்லிஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து தனக்காகக் காத்திருந்தாள். எட்டு மணியானதும் எழுந்து அவர் தோளைத் தொட்டு, "போயிட்டு வரேன்" என்றாள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் அவள் எஞ்சினைக் கிளப்பவில்லை. "அவருக்கு நான் அந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான் பொண்டாட்டி, லைல். வெளிய வந்தா யாரோ ஒரு பொம்பள" என்றாள். "இந்த வேலை இருக்கற வரைக்கும் எனக்குப் புருஷன் இருக்காரு. அப்புறம் இல்ல."

"நாளைக்குத் தெற்குக் காத்து" என்றேன். அவள் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

அந்த வேலைக்குத்தான் வேட்டு வைத்தார்கள். எங்கள் சேனல் கைமாறிக் கைமாறி கடைசியில் தெற்கே எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியிடம் போயிருந்தது. ஐந்து ஊர்ச் செய்தியை ஒரே இடத்தில் ஒரே ஆளை வைத்து வாசித்தால் எவ்வளவு மிச்சம் என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய மூளை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தானாக ஓய்வு பெறுகிறவருக்கு ஒரு வாரம் விழா எடுப்பார்கள், பழைய படமெல்லாம் போட்டுக் காட்டி அழ வைப்பார்கள். வெளியே அனுப்பப்படுகிறவருக்கு அது கிடையாது. கடைசிச் செய்தி என்று அவருக்கே தெரியாமல் வாசிக்க விட்டு, முடிந்த பிறகு மாடிக்குக் கூப்பிட்டுச் சொல்வார்கள். முன்னாலேயே சொன்னால் நேரலையில் எதையாவது உளறிவிடுவாராம். திங்கட்கிழமை பார்த்தால் பேருந்து முதுகில் விளம்பரமாக ஒட்டியிருந்த முகம்கூட இருக்காது. ஊரும் வழக்கம் தெரிந்த ஊர்தான், இரண்டு நாள் கத்திவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. நான் வரைபடத்துக்கு முன்னால் நின்று வாரக்கடைசி வெயிலைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது, 'முடிந்ததும் மாடிக்கு வரவும்' என்று அவள் காதில் மாட்டியிருந்த கருவியில் சொல்லியிருக்கிறார்கள். புதுத் திட்டம் ஏதோ பேசப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். எவ்வளவு நேரமாகுமோ தெரியவில்லை. இசை வந்தது. "இந்த டை பரவால்ல, யாரு எடுத்துக் குடுத்தது?" என்று கேட்டாள். பேனாவை மூடாமல் மேசைமேல் விட்டாள்.

மாடியில் மேனேஜர் பிரென்ட் கண் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தானாம். அவன் கெட்டவன் இல்லை, எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். விஷயத்தைக் கேட்டு அவள் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. "திங்கட்கிழமை ஒரே ஒரு தடவை என்னை உட்கார விடு, பிரென்ட். செய்தியே வேண்டாம். கடைசியில விளக்கு மங்கும்போது மட்டும் போதும். வாயே திறக்க மாட்டேன்" என்று கேட்டிருக்கிறாள். அவன் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறான். "மார்லிஸ், வக்கீலுங்க ஒத்துக்க மாட்டாங்க. என் கையில இல்ல" என்று சொல்லி, காவலாள் ஒருவனைக் கூட அனுப்பி, அவள் மேசையைக் காலி செய்ய வைத்தான். முப்பத்துநான்கு வருஷம் ஓர் அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டது. பேனா அதில் இல்லை. அது ஸ்டூடியோவிலேயே கிடந்தது, நான்தான் எடுத்து வைத்தேன்.

அவள் இல்லத்துக்குப் போய்ச் சேரும்போது ஆர்வோ தூங்கியிருந்தார். மேசையில் ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வேகவைத்த கிழங்கு, வெண்ணெய், ஒரு துண்டு மீன்.

"இன்னிக்கு அவ வரலைன்னு சொன்னாரு. சமத்தா சாப்பிட்டாரு, உங்க தட்டை மூடி வெச்சுட்டுப் போய்ப் படுத்துட்டாரு" என்றாளாம் ரோஷெல்.

மறுநாள் போனில் மார்லிஸ் என்னிடம் இதைச் சொல்லும்போது அவளுடைய குரலையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. "கடைசியா நான் அவருகிட்ட சொன்னது, வரமாட்டேங்கறது" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு, எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிற ஒரு பையன் பளபளவென்று சிரித்துக்கொண்டே எங்கள் ஊர்ச் செய்தியை வாசித்தான். நான் மட்டும் காலி ஸ்டூடியோவில் தனியாக நின்று, அவன் பக்கத்தில் இருப்பது போலச் சுவரைப் பார்த்துப் பேசினேன். என் பிழைப்பு அப்படி ஆகிவிட்டது. ஆர்வோ அன்று டிவியைத் தட்டிப் பார்த்தார், எல்லாச் சேனலையும் மாற்றிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை, "மார்லி எங்க?" என்று ரோஷெல்லைப் பிடித்துக்கொண்டார். புதன்கிழமை அவர் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பழைய செய்திகள் எல்லாம் சேனல் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. சேனலின் பொன்விழாவுக்காகப் பழைய வீடியோ நாடா எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைத்திருந்தோம். அதிலிருந்து ஒன்றை எடுத்து ரோஷெல்லுக்கு அனுப்பினேன். ஆறு மணிக்கு அவர் அறை டிவியில் போடச் சொன்னேன். எடுத்தது கம்பெனிச் சொத்து, திருட்டுதான். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மார்லிஸ் சிவப்புக் கோட்டில் நன்றாக இருந்த ஒரு நாளாகப் பார்த்து எடுத்திருந்தேன்.

அது பிப்ரவரி மாதச் செய்தி. அதை நான் யோசிக்கவே இல்லை.

டிவியில் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய நான், மீசையும் தொப்பையுமாக நின்று, "இன்னிக்கு ராத்திரி மைனஸ் இருபத்தைந்து, எஞ்சின் உறைஞ்சுபோகாம காருக்கு ஹீட்டரைச் செருகி வைங்க" என்றேனாம். ஆர்வோ சன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே இளவெயில், இலை உதிரும் காலம் வந்து மேப்பிள் மரங்கள் சிவக்க ஆரம்பித்திருந்தன. ஏரி கண்ணாடி போலக் கிடந்தது. மனுஷருக்குப் பெண்டாட்டி முகம் மறந்துபோகும், ஆனால் கப்பல் துறையில் நாற்பது வருஷம் நின்றவருக்குக் காற்று மறக்குமா?

"லைல் குடிச்சிருக்கானா?" என்றார் முதலில். பிறகு முகம் மாறியது. "இது பழசு. ஏன் பழசைப் போடறாங்க? யாராவது செத்தாத்தானே பழசைப் போடுவாங்க? மார்லிக்கு என்ன ஆச்சு?"

அன்று அவரை அடக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. மார்லிஸ் வழக்கமான நேரத்துக்கு வந்தபோதும் அவர் அடங்கவில்லை. தான் செத்துப்போனதற்காகப் புருஷன் கதறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

அதற்கப்புறம் நான் ஒழுங்காக வேலை செய்தேன். என் தொழிலுக்கு ஒரு உபயோகம் வந்தது என்றால் அது அப்போதுதான். நாளைக்கு வானம் எப்படி இருக்கும் என்று கணக்குப் போடுவது எல்லோருக்கும் தெரிந்த என் வேலை. அந்த வானம் இதற்கு முன் எந்த நாளில் வந்தது என்று தேடுவது திருட்டு வேலை. மூடுபனி, தென்கிழக்குக் காற்று, இலை பாதி உதிர்ந்திருக்க வேண்டும், என் வாயில் வெயில் பற்றிய பேச்சு இருக்கக்கூடாது. ஒரு நாள் மார்லிஸுக்குப் புசுபுசுவென்ற சுருட்டை முடி, மறுநாள் குட்டை முடி, அடுத்த நாள் கழுத்து மூடிய பழைய சட்டை. ஆர்வோ அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "முடி வெட்டிக்கிட்டிருக்கா, நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னாராம். அந்தச் செய்தியில் வந்த மேயர் செத்து எலும்பாகிப்போனதெல்லாம் யாருக்கு வேண்டும்? வானம் சரியாக இருந்தது, பேனாவுக்கு மூடி விழுந்தது, அவர் கிழங்கு சீவப் போனார்.

வேலை போன பிறகும் மார்லிஸ் பழைய பழக்கத்தில் செய்தி முடிகிற நேரத்துக்கு வந்து, எட்டு மணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, எனக்கு விடுமுறை, முதல் தடவையாக ஆறு மணிக்கே அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆர்வோ டிவி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். உள்ளங்கையால் முடியைப் படிய வைத்தார். டிவியில் மார்லிஸ், "மாலை வணக்கம்" என்றாள்.

"வணக்கம், மார்லி" என்றார் ஆர்வோ.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மார்லிஸ் மெதுவாக ரோஷெல்லைப் பார்த்தாள். "தினமும் சொல்வாரா?"

"தினமும்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆறு மணிக்கு அவள் எப்போதும் ஸ்டூடியோவில் இருந்தவள். அவர் பார்ப்பதை அவள் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமும் ஒரு கண்ணாடி வட்டத்தைப் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்ததாகத்தான் அவளுக்கு நினைப்பு. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டிவியில் என் பழைய டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனாவுக்கு மூடி விழுந்தது. ஆர்வோ எழுந்தார். கிழங்கு வந்தது, இரண்டு தட்டு வைத்தார், உட்கார்ந்தார்.

எட்டு மணிக்கு எழுந்துபோக வேண்டிய அவசியம் மார்லிஸுக்கு இப்போது இல்லை. அன்றுதான் அவளுக்கு அது உறைத்தது; அவள் இருந்தாள், நானும் இருந்தேன்.

கிழங்கு ஆறியது. ரோஷெல் வந்து, "சாப்பிடுங்க ஆர்வோ" என்றாள். "அவ வரட்டும்" என்றார். சன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். தட்டைச் சரி செய்தார். மறுபடி சன்னலுக்குப் போனார். "இவ்வளவு நேரம் ஆகாதே" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் பூட்ஸுமாக நின்று கோட்டைத் தேடினார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். பெரிய உடம்பு, பெரிய கை, அந்தக் கை இரண்டையும் முட்டியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"மூடி போட்டா. நான் பார்த்தேன். மூடி போட்டுட்டு அவ வராம இருந்ததே இல்ல. வழியில ஏதோ ஆயிடுச்சு."

மார்லிஸ் தரையில் மண்டியிட்டாள். "ஆர்வோ, நான்தான். வந்துட்டேன் பாரு. இங்க பாரு, என்னைப் பாரு."

அவர் அவள் கையைத் தள்ளவில்லை. மரியாதையாக எடுத்து ஓரமாக வைத்தார். "நீங்க நல்லவங்கம்மா. போலீசுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்."

வெளியே நடையில் மார்லிஸ் ரோஷெல்லை நிறுத்தினாள். "எப்பவும் இப்படித்தானா? நான் போனப்புறம்?"

ரோஷெல் தரையைப் பார்த்தாள். "நீங்க வேலைக்குப் போகணும். டிவில சிரிக்கணும். சொல்லி என்ன பண்றதுன்னு விட்டுட்டோம். ஒன்றரை வருஷமா இப்படித்தான். அழுது களைச்சுத் தூங்குவாரு. அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வயிறார சாப்பிட்டுப் படுத்தாரு."

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். காற்று ஏரிப்பக்கமிருந்து வந்தது, எனக்கு நடுக்கியது. அவள் கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடவில்லை.

"லைல், பேனாவை மேசைமேல விட்ட நாளா ஒண்ணு தேடிக் குடு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கோபம்தான் வந்தது. "அப்புறம் அவர் உன்னைத் தேடவே மாட்டாரு, மார்லிஸ். அதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்? தினமும் ஒரு வானத்தைத் திருடிட்டு வரேன் உனக்காக!"

"தெரியும்டா."

"அவருக்கு மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான். மூடி விழுந்தா நீ வருவேங்கறது."

"அவருக்கு இல்ல, எனக்கு மிச்சம் இருக்கறது அது" என்றாள். "எனக்காக ஒரு ஆள் காத்துட்டிருக்காருன்னு நினைச்சுக்க எனக்கு நல்லாத்தான் இருந்தது. அவரு ஒன்றரை வருஷம் பட்டினியா அழுதிருக்காரு. போதும். தேடிக் குடு."

தேடினேன். அப்படிப்பட்ட நாள் அதிகம் இல்லை. பேனா மேசையில் கிடந்த நாளெல்லாம் ஊருக்குக் கெட்ட நாள். வெள்ளம், பெரிய தீ, துப்பாக்கிச்சூடு, தேர்தல். அதிலும் வானம் பொருந்த வேண்டும். அது கிடைக்கும்வரை வேறு வழியில்லாமல் மூடி போட்ட நாட்களையே அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆர்வோ அழுதார், மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நவம்பர் முதல் வாரத்தில் எங்கள் ஏரியில் வழக்கமாக வரும் சூறைக்காற்று வந்தது. ஊர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது, நான் சந்தோஷப்பட்டேன். பல வருஷத்துக்கு முந்தைய ஒரு நவம்பர் சாயங்காலம், இதே வடகிழக்குக் காற்று, துறைமுகக் கால்வாய் வாசலில் நங்கூரம் இழுத்துக்கொண்டு ஒரு சரக்குக் கப்பல் தத்தளித்துக்கொண்டிருந்தது. அன்று மார்லிஸ் இரவு முழுக்க மாலுமிகளின் மனைவிகளோடு கரையில் நின்றாள். கப்பல் தப்பித்தது. அந்தச் செய்தியின் கடைசியில் நான் எதையோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்க்கிறேன், அவள் சிரிக்கவில்லை. பேனா மூடாமல் மேசைமேல் கிடக்கிறது.

அதை ரோஷெல்லுக்கு அனுப்பிவிட்டு, அன்று ஸ்டூடியோவில் என் வேலை முடிந்ததும் முகப்பூச்சோடு இல்லத்துக்கு ஓடினேன். நான் போகும்போது ஆர்வோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீசையில் வெண்ணெய். எதிரே மார்லிஸ் வெறும் மேசை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு அவ வரமாட்டா" என்று என்னிடம் சொன்னார், நான் யாரென்று கேட்காமலே. "கப்பல் ஒண்ணு மாட்டிக்கிச்சு. அவ அங்க இருக்கணும். பாவம் அந்தப் பொம்பளைங்க."

தட்டை வழித்துச் சாப்பிட்டார். மனைவிக்கென்று எடுத்து வைத்த தட்டின்மேல் இன்னொன்றைக் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டு மார்லிஸைப் பார்த்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்ல."

அவர் யோசித்தார். பிறகு மேல்தட்டை எடுத்துவிட்டு, கீழ்த்தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இது அவளோடது. காலையில வரைக்கும் வெச்சா வெரச்சுப்போயிடும். நீங்க சாப்பிடுங்க. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

மார்லிஸ் முள்கரண்டியை எடுத்தாள். ஒரு வாய் வைத்தாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அவள் துடைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"அவளும் அப்படித்தான் சொல்லுவா. இல்லைன்னாலும் சொல்லுவா."

அவள் கடைசித் துண்டு வரை சாப்பிட்டாள். புருஷனோடு அவள் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ. அவர் எழுந்து, பொத்தானைக் கழற்றி, படுக்கையை உதறினார். பிறகு ஞாபகம் வந்தவர் போலத் திரும்பினார்.

"வெளிய பேய்க்காத்து. பார்த்துப் போங்கம்மா. வீட்ல உங்களுக்காகக் காத்துட்டிருப்பாங்க."

"இல்லங்க" என்றாள் மார்லிஸ். "அவரு சாப்பிட்டுப் படுத்துக்குவாரு."

"அதான் நல்லது" என்றார் ஆர்வோ. படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி, உடனே தூங்கிப்போனார்.

அவள் இரண்டு தட்டையும் கழுவி வைத்தாள். போகும் வழியில் நான் எடுத்து வைத்திருந்த பேனாவைக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். அந்தக் கப்பல் செய்தியையே நாளைக்கும் போடலாமா, காற்று இருக்குமா என்று கேட்டாள். வியாழன்வரை இருக்கும் என்றேன்.